காதில் விழுந்ததைத் தராசில் வைப்பது: ஈயச் சொம்பு முதல் சீமைக் கருவேலம் வரை

"ஈயச் சொம்பில் ரசம் வைத்தால் உடம்புக்கு நல்லது" என்று ஒரு செய்தி வரும். "ஈயம் மூளையைத் தின்னும், சொம்பைத் தூக்கி எறியுங்கள்" என்று இன்னொன்று. "ஈயப் பாத்திரத்தில் சோறாக்கினால் மறதி நோய்" என்று மூன்றாவது. காரைக்குடிப் பக்கத்துக் குடும்ப வாட்ஸாப் குழுக்களில் ஒரே வாரத்தில் மூன்றையும் பார்க்கலாம். மூன்றையும் அனுப்பியவர் ஒருவராகவே இருப்பதும் உண்டு.

இந்த மூன்றில் எது சரி என்று தேடக் கிளம்பினால் வழி தவறிவிடும். ஏனென்றால் மூன்றும் மூன்று வேறு உலோகங்கள். ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயம். மூளையைக் கெடுப்பது காரீயம், பழைய பெயின்டிலும் பேட்டரியிலும் இருப்பது. சோறாக்கும் 'ஈயப் பாத்திரம்' அலுமினியம். அதையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு கூற்றைச் சோதிப்பதில் பாதி வேலை அதிலுள்ள பெயர்ச்சொல் எதைக் குறிக்கிறது என்று பிடிப்பதுதான். அதைப் பிடிக்காமல் ஆயிரம் ஆய்வு படித்தாலும் வேறு ஏதோ ஒன்றைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருப்போம்.

அலுமினியத்தை முதலில் முடித்துவிடலாம். 1960களில் முயல்களின் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்திச் செய்த சோதனையிலிருந்து கிளம்பிய பயம் அது. சமையல் பாத்திரத்திலிருந்து வரும் அளவு அல்சைமர் நோயை உண்டாக்குகிறது என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. ஆனால் புளியும் தக்காளியும் அலுமினியத்தைக் கரைக்கும் என்பது உண்மை. சமைத்துவிட்டு வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் போதும்; புளிக்குழம்பை இரவெல்லாம் அதிலேயே வைக்க வேண்டியதில்லை.

சொம்பை எப்படிப் பார்ப்பது

வெள்ளீயச் சொம்பு தன்னளவில் சிக்கல் இல்லாதது. சிக்கல் கலப்படம். காரீயம் மலிவு, வெள்ளீயம் விலை அதிகம். சீர்வரிசையில் வந்த பழைய சொம்போ, பழம்பொருள் கடையில் வாங்கியதோ, எதில் எவ்வளவு காரீயம் என்று பார்வைக்குத் தெரியாது. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. அதனால் 'எங்க ஆச்சி காலத்துச் சொம்பு' என்பது நற்சான்று ஆகாது. ஆச்சிக்கு ரத்தப் பரிசோதனை யாரும் செய்ததில்லை.

வீட்டிலேயே ஒரு முதல் சோதனை செய்யலாம். வெள்ளீயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம், காரீயம் 11.3. தேவையானவை ஒரு கிராம் வரை காட்டும் அடுப்படி எலக்ட்ரானிக் தராசு, சொம்பு முழுதும் மூழ்கும் வாளி, நூல்.

முதலில் சொம்பைக் காய வைத்து எடை பாருங்கள். பிறகு தண்ணீர் வாளியைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். சொம்பை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல், முழுதும் மூழ்கும்படி கையால் பிடித்துத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் சொம்பின் கன அளவு. எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. 400 கிராம் சொம்பு, தராசு 55 காட்டினால் 7.3. அதே 400 கிராமுக்கு 47 காட்டினால் 8.5, அது கிட்டத்தட்ட 40 சதவீதம் காரீயம், பற்றவைக்கும் ஈயம் மாதிரி. அதில் ரசம் வைக்கக் கூடாது, விற்றுவிடவும் கூடாது.

பிழை எங்கே வருகிறது? சொம்பைக் கவிழ்த்து மூழ்கடித்தால் உள்ளே காற்று தங்கும், கன அளவு கூடுதலாகக் காட்டும், காரீயம் ஒளிந்துகொள்ளும். சாய்த்து இறக்கி, குலுக்கி, குமிழெல்லாம் வெளியேறிய பிறகு பாருங்கள். பித்தளை வளையம், கைப்பிடி இருந்தால் கணக்கு கெடும். எல்லாவற்றையும் விட முக்கியம், இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. 5 சதவீதம் காரீயம் கலந்தால் அடர்த்தி 7.4தான், அந்த 400 கிராம் சொம்பில் வித்தியாசம் ஒரே ஒரு கிராம். அடுப்படித் தராசு அதைச் சொல்லாது. ஆகவே 8க்கு மேல் வந்தால் 'கெட்டது' என்று உறுதியாகச் சொல்லலாம், 7.3 வந்தால் 'நல்லது' என்று சொல்ல முடியாது. ஒரு சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அடுத்த படி, நகைக்கடையில் கேரட் பார்க்கும் எக்ஸ்ரே எந்திரம். அது உலோகத்தைச் சுரண்டாமல் மேற்பரப்பின் கலவையைக் காட்டும். தங்கத்துக்காக அமைத்து வைத்திருப்பார்கள். வெள்ளீயம், காரீயம் இரண்டும் பட்டியலில் வரும்படி காட்டச் சொல்ல வேண்டும். முழு உறுதி வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற உணவு ஆய்வகம். அங்கே சொம்பைக் கொடுக்காதீர்கள், ரசத்தைக் கொடுங்கள். ஒரே புளி, ஒரே தண்ணீர், ஒரே நேரம். ஒன்று சொம்பில் வைத்தது, ஒன்று எவர்சில்வரில் வைத்தது. இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் போனால், வந்த காரீயம் சொம்பிலிருந்தா, மஞ்சள்தூளிலிருந்தா, குழாய்த் தண்ணீரிலிருந்தா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒப்பிட ஓர் எண் வேண்டுமென்றால், இந்தியக் குடிநீர்த் தரத்தில் காரீயத்தின் உச்ச அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்.

வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்பது செட்டிநாட்டு அடுப்படியில் எல்லோருக்கும் தெரிந்ததே. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். தண்ணீர் உள்ளே இருக்கிறவரை 100ஐத் தாண்டாது.

செம்புக் குடத்துத் தண்ணீர் வேறு வகை. இங்கே செய்தியின் முதல் வரி உண்மை, மற்றவை அதன் முதுகில் சவாரி. பெங்களூருவில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், காலரா, டைஃபாய்டு வகை, ஈ.கோலி கிருமிகளைக் கலந்த தண்ணீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தார்கள். பிறகு கிருமிகளை வளர்த்துப் பார்த்தால் ஒன்றும் வளரவில்லை. தண்ணீரில் இறங்கிய செம்பு லிட்டருக்கு 0.177 மில்லிகிராம், உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2. ஆக, மாலை நான்கு மணிக்கு ஊற்றி மறுநாள் காலை எட்டு மணிக்குக் குடிப்பதில் பொருள் இருக்கிறது. தைராய்டு சரியாகும், எடை குறையும், மூட்டுவலி போகும் என்று கீழே நீளும் வரிகளுக்கு அந்த ஆய்வில் ஒரு சொல்லும் இல்லை. உப்போ ஃப்ளோரைடோ இதில் குறையாது. சாயங்காலம் ஊற்றி இரவு எட்டு மணிக்கே குடித்தால் 16 மணி நேரமும் ஆகவில்லை. பச்சைக் களிம்பு பிடித்த குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து நன்றாகக் கழுவிய பிறகே தண்ணீர் பிடிக்க வேண்டும். மோர், எலுமிச்சைச் சாறு எதையும் செம்பில் வைக்கக் கூடாது, அமிலம் செம்பை வரம்புக்கு மேல் இறக்கிவிடும்.

சீமைக் கருவேலம்: ஒரு செய்தி, ஆறு கூற்று

இங்கேயும் பெயரில் தொடங்க வேண்டும். கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேலம் வேறு, சீமைக் கருவேலம் வேறு. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை; சீமையின் பூ வெளிர்மஞ்சளாக விரல் மாதிரி நீண்டு தொங்கும். 'கருவேலத்தை அழிப்போம்' என்று இறங்கி நாட்டு மரத்தையும் சேர்த்துச் சாய்த்த கண்மாய்கள் உண்டு. ஆய்வு தேடும்போது இன்னொரு தொல்லை: இத்தனை காலம் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்ற தாவரவியல் பெயரை 2022இல் நெல்டுமா ஜூலிஃப்ளோரா என்று மாற்றிவிட்டார்கள். இரண்டு பெயரிலும் தேடினால்தான் பழையதும் புதியதும் சிக்கும்.

சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் இந்த மரத்தைப் பற்றிச் சுற்றும் செய்தி ஒரே மூச்சில் ஆறு விஷயம் சொல்கிறது. வேர் ஆழமாகப் போய் நிலத்தடி நீரை உறிஞ்சும். நீர் கிடைக்காவிட்டால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அதனால் மழை வராது. கரியமில வாயுவைக் கக்கும். கீழே எதுவும் முளைக்காது. பறவை கூடு கட்டாது. பக்கத்தில் வாழும் பெண்களுக்கும் மாடுகளுக்கும் மலட்டுத்தன்மை வரும். இதை மொத்தமாக எடுத்து 'உண்மையா பொய்யா' என்று கேட்டால் வாக்குவாதம்தான் மிஞ்சும். ஆறாக வெட்டிப் பாருங்கள்.

வேர்: உண்மை. அமெரிக்காவின் அரிசோனாவில் சுரங்கம் தோண்டியபோது இதற்கு நெருங்கிய உறவான மரத்தின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். எல்லா மரமும் அவ்வளவு போகும் என்றில்லை. போகக்கூடியது என்பதே செய்தி.

காற்றின் ஈரம்: பொய். இதைப் பிடிக்க ஆய்வுகூட வேண்டாம், செய்தியின் முதல் வரியே போதும். மரம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்றால் அந்த நீர் எங்கே போகிறது? மிகப் பெரும்பகுதி இலைத்துளை வழியாக ஆவியாகக் காற்றுக்குத்தான் போகிறது. நிலத்தைக் காய வைக்கும் மரம் அதே நேரத்தில் காற்றையும் காய வைக்க முடியாது. ஒரு செய்தியின் இரண்டு வரிகளை எதிரெதிரே நிறுத்திப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

கரியமில வாயு: எல்லாச் செடியும் மூச்சு விடும்போது கொஞ்சம் விடும். வளரும் மரம் விடுவதைவிட எடுப்பது அதிகம். காய்ந்த விறகின் எடையில் கிட்டத்தட்டப் பாதி அப்படி எடுத்த கரிதான். மூட்டம் போட்டுக் கரியாக்கி எரிக்கும்போது அது திரும்பிப் போகிறது. அது மரத்தின் குற்றமா?

கீழே முளைக்காது என்பது பெரும்பாலும் சரி. இந்தியாவில் இதே மரத்தையும் நம் வன்னி மரத்தையும் ஒப்பிட்டு 2012இல் வந்த ஆய்வு, சீமையின் கீழே செடிவகைகள் குறைந்திருப்பதையும் வன்னியின் கீழே அப்படி இல்லாததையும் காட்டியது. பறவைக்கூடு, கண்ணால் பார்த்து முடிக்கக்கூடிய கூற்று. மார்கழி, தை மாதங்களில் தண்ணீர் நிற்கும் கண்மாயில் ஒரு காலை நேரம் போதும், மர வகை வாரியாகக் கூடுகளை எண்ணிவிடலாம். 'ஒன்றுகூட இல்லை' என்ற கூற்று ஒரே கூட்டில் உடையும். மலட்டுத்தன்மைக்கு எந்தச் சான்றும் இல்லை. சொல்கிறவர் எந்த ஊரில், எத்தனை பேரில், மரம் இல்லாத எந்த ஊரோடு ஒப்பிட்டு என்று ஒருபோதும் சொல்வதில்லை.

செய்தியில் இல்லாத, ஆனால் சான்றுள்ள கெடுதல் ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் ஊர்களைச் சுற்றி இம்மரத்தின் பூக்கிளைகளை வெட்டிப் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவுப்படி, வெட்டிய ஊர்களில் மலேரியாக் கொசுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 70 சதவீதம் விழுந்தது. பூவின் தேன்தான் அவற்றுக்குச் சாப்பாடு. பொய்யான காரணத்தைச் சுமந்து திரிகிறவர்களுக்கு உண்மையான காரணம் கண்ணில் படுவதில்லை என்பதுதான் இதில் வருத்தம்.

2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் ஊரெங்கும் ஜேசிபி இறங்கியதும், அதே ஆண்டு அதற்குத் தடை வந்ததும் நினைவிருக்கும். வேகத்தில் நடந்த தவறு, தரைமட்டத்தோடு அறுத்துவிட்டது. அடிக்கட்டையில் உறங்கும் மொட்டிலிருந்து ஒரு தண்டுக்குப் பத்துத் தண்டாகத் தழைக்கும். தரைக்குக் கீழே ஓரடி வரை தோண்டி வேர்க்கழுத்தோடு எடுக்க வேண்டும். நெற்றைத் தின்ற ஆடு மாடு சாணத்தில் விதையைப் பரப்பும். மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டு உயிரோடு இருக்கும். அதனால் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் போய்க் கன்றைக் கையால் பிடுங்க ஆள் இல்லையென்றால் வெட்டுவது வீண் செலவு.

ஊருணி வற்றினால் மழை குறைந்துவிட்டதா

கருவேலத்தோடு சேர்ந்தே வரும் கூற்று இது. சிவகங்கை மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 900 மில்லிமீட்டர். 'முன்னெல்லாம்' என்பது எத்தனை ஆண்டு? உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுச் சராசரியை வைத்துக்கொள்கிறது, இப்போது 1991 முதல் 2020 வரை. இரண்டு வறண்ட ஆண்டை வைத்துப் பருவநிலை மாறிவிட்டது என்பதும், ஒரு வெள்ள ஆண்டை வைத்து மாறவில்லை என்பதும் ஒரே தவறு.

வீட்டிலேயே அளக்கலாம். பக்கம் நேராக இருக்கும் எவர்சில்வர் டப்பா போதும். வாய் 15 சென்டிமீட்டர் குறுக்களவு என்றால் ஒரு மில்லிமீட்டர் மழை 17.7 கிராம் தண்ணீர். காலை எட்டரை மணிக்குத் தண்ணீரின் எடையை மட்டும் பார்த்து 17.7ஆல் வகுத்து எழுதுங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் எடுக்கிறது. வாய் விளிம்பு தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் தெறிக்கும் சேறும் கணக்கில் சேரும். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். தாழ்வாரத்து ஓட்டுத் தண்ணீர் விழும் இடத்தில் வைத்து 'எங்க வீட்டில் 300 மில்லிமீட்டர்' என்று சொல்லிக்கொள்கிறவர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்.

இப்போது ஊருணிக் கணக்கு. பத்து ஏக்கர் வரத்து நிலத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் விழுவது 20 லட்சம் லிட்டர். செம்மண்ணும் செம்புறாங்கல்லும் குடித்ததுபோகக் கால்பங்கு ஓடி வந்தாலும் 5 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் நாற்பதுக்கு மேல். கோடை முதல் மழையில் கால்பங்குகூட வராது. தொடர்மழையின் மூன்றாம் நாள் அதைவிட அதிகம் வரும். 50 மில்லிமீட்டர் பெய்தும் ஊருணியில் ஒரு சாண் ஏறவில்லையென்றால் குற்றவாளியை வானத்தில் தேட வேண்டாம். வரத்துக்காலில் ஒரு நடை நடந்தால் மனைப்பிரிவுக்குப் போட்ட மண்ணோ, அடைபட்ட குழாயோ கண்ணில் படும்.

ஆவாரையும் எலியும்

'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்பது பழமொழி. புதுவயல், பள்ளத்தூர்ப் பொட்டலெல்லாம் மஞ்சளாகப் பூத்திருக்கிறது. சாவும் இருக்கத்தான் செய்கிறது. 'ஆவாரம்பூ சர்க்கரையைக் குறைக்கும் என்று அறிவியல் நிரூபித்துவிட்டது' என்று வரும் செய்திக்குப் பின்னால் ஆய்வு உண்டு, பொய்யில்லை. 2002இல் வெளியான ஒன்றில், மருந்து கொடுத்துக் கணையத்தைக் கெடுத்த எலிகளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 450 மில்லிகிராம் பூச்சாறு உலர்பொருளை 30 நாள் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது.

எலியின் அளவை மனிதனுக்கு மாற்ற 6.2ஆல் வகுப்பது வழக்கம்; சுண்டெலி என்றால் 12.3. 450ஐ வகுத்தால் 73, அறுபது கிலோ ஆளுக்கு நாளுக்கு 4.4 கிராம். இது பூவல்ல, பூவைத் தண்ணீரில் கரைத்து வற்றவைத்த சாரம். பத்துக் கிராம் காய்ந்த பூவில் ஒரு கிராம் சாரம் கிடைக்கும் என்று தாராளமாக வைத்தாலும் 44 கிராம் காய்ந்த பூ. பச்சையாக 200 கிராமுக்கு மேல். காலை டம்ளரில் மிதப்பது ஐந்தாறு பூ. அந்த அளவு மனிதரிடம் என்ன செய்யும் என்று எலி ஆய்வு சொல்லவில்லை. 200 கிராம் தின்று பார்க்கலாமா என்றால், அவ்வளவின் பாதுகாப்பையும் அது சொல்லவில்லை. அந்த எலிகளுக்கு இன்சுலின் சுரக்கும் செல்களே அழிக்கப்பட்டவை. நடுவயதில் நமக்கு வரும் சர்க்கரை பெரும்பாலும் அந்த வகை அல்ல.

'மிளகு சேர்த்தால் மஞ்சளின் சத்து உடம்பில் சேர்வது 2000 சதவீதம் கூடும்' என்பது இதேபோல் ஓர் எண் வித்தை. 1998இல் பெங்களூருவில் நடந்த சோதனையில் 2 கிராம் குர்குமினோடு (மஞ்சளின் சத்து) 20 மில்லிகிராம் பைப்பரின் (மிளகின் சத்து) சேர்த்தபோது ரத்தத்தில் சேர்வது 2000 சதவீதம் கூடியது உண்மை. சேர்க்காதபோது ரத்தத்தில் கண்டுபிடிக்கவே முடியாத, அல்லது மிகக் குறைந்த அளவு என்பதை யாரும் பகிர்வதில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம். 2 கிராமுக்கு அறுபது, எழுபது கிராம் மஞ்சள்தூள் வேண்டும். செட்டிநாட்டுக் கோழிக்குழம்பு முழுச் சட்டிக்கும் ஒரு தேக்கரண்டி போடுவோம். குழம்பாகச் சாப்பிட்டால் கெடுதலில்லை. மிளகுச்சத்து சேர்த்த குர்குமின் மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன.

மூல ஆய்வைத் தேட, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் இணையதளம் இலவசம். தாவரவியல் பெயரைப் போட்டு, மனித ஆய்வு, முறையான தொகுப்பாய்வு என்ற வடிகட்டிகளை அழுத்துங்கள். நானூறு முடிவு மூன்றாகச் சுருங்கினால் மீதியெல்லாம் எலியும் சோதனைக்குழாயும் என்று பொருள். பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்புகளின் எளிய சுருக்கம் சில தமிழிலும் உண்டு.

கவுனி அரிசி, விரல் நுனியில்

கல்யாணப் பந்தியில் பரிமாறும் கவுனி அரிசியைச் சர்க்கரைக்காரர் சாப்பிடலாம் என்று சொல்லப்படுகிறது. எந்தக் கவுனி? இரவு ஊறவைத்து வேகவைத்துச் சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப்பூவும் போட்டுக் கிளறியதா? அதற்கு மேல் சோதனை எதற்கு. வெறும் கவுனிச் சோறு என்றால் கருநிறம் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமியும் தவிட்டு நாரும் உண்மை. மாவுச்சத்து வெள்ளை அரிசியைப் போல நூற்றுக்கு எழுபதுக்கு மேல் என்பதும் உண்மை.

குளுக்கோமீட்டரால் பார்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் தவறு செய்யும் இடம் அளவு. இரண்டையும் ஒரு கரண்டிச் சோறாக எடுப்பார்கள். வேகும்போது ஒவ்வோர் அரிசியும் குடிக்கும் தண்ணீர் வேறு, ஆகவே கரண்டி கணக்கு உதவாது. பச்சை அரிசியாக 65 கிராம் நிறுத்து எடுத்துச் சமையுங்கள். மாவுச்சத்து ஏறத்தாழ 50 கிராம். வெறும் வயிறு, முந்தின இரவு ஒரே மாதிரிச் சாப்பாடு, முதல் கவளத்திலிருந்து 30, 60, 90, 120 நிமிடம். தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம், பருப்பும் நெய்யுமே ஏற்றத்தைத் தாழ்த்திவிடும். ஒவ்வோர் அரிசிக்கும் குறைந்தது மூன்று காலை. மாத்திரையை இதற்காக நிறுத்தக் கூடாது.

ஏன் மூன்று? பன்னாட்டுத் தரப்படி ஒரு நல்ல மீட்டரே 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் முன்பின் காட்டலாம். உண்மை 160 என்றால் 136ம் வரும், 184ம் வரும். 'வெள்ளை அரிசிக்கு 178, கவுனிக்கு 155, பார்த்தீங்களா அண்ணே' என்பது இந்த இடைவெளிக்குள் அடங்கிப்போகும். பழம் உரித்த கையோடு குத்தினால் தோலில் ஒட்டிய இனிப்பே அளவை ஏற்றிவிடும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் குத்துங்கள். டப்பா திறந்து கிடந்த சோதனைப் பட்டை (ஸ்ட்ரிப்) ஈரம் வாங்கியிருக்கும், அதை எடுக்காதீர்கள்.

வளவு வீட்டின் குளிர்ச்சி

'செட்டிநாட்டு வீட்டுக்குள் வெளியைவிட 15 டிகிரி குறைவு' என்று படத்தோடு வரும். எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று பார்த்தால், அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கியால் மொட்டைமாடித் தளத்தையும், பட்டாலை என்னும் உட்கூடத்தின் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் சுட்டிருப்பார்கள். அது தரையின் சூடு, காற்றின் சூடு அல்ல. பளபளக்கும் பித்தளைக் கதவுக் குமிழை அதே கருவியால் பார்த்தால் தப்பான எண் வரும். மினுக்கும் உலோகம் தன் சூட்டைவிட எதிரில் இருப்பதன் சூட்டையே திருப்பிக் காட்டும்.

சரியாகப் பார்க்க, வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் மலிவான கருவி இரண்டு வேண்டும். முதல் நாள் முழுக்க இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து எவ்வளவு வித்தியாசம் காட்டுகின்றன என்று குறியுங்கள். ஒரு டிகிரி முன்பின் இருப்பது சாதாரணம். பிறகு ஒன்றை முற்றத்துக்கு வெளியே வெயில் படாத நிழலிலும், ஒன்றைப் பட்டாலையிலும், இரண்டையும் நெஞ்சு உயரத்தில். மணிக்கொரு தடவை, இரவிலும். தடித்த சுண்ணாம்புச் சுவர் பகலின் உச்சத்தை உண்மையாகவே வெட்டும், தாமதப்படுத்தும். அது வாங்கிய சூட்டை இரவில் திருப்பித் தரும் என்பதைப் பகலில் மட்டும் அளந்தவர் பார்க்க மாட்டார். இரவு பன்னிரண்டுக்கு உள்ளே வெளியைவிடக் கூடுதலாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். முற்றத்துக் கதவுகளைச் சாயங்காலம் திறந்து காலையில் சாத்துகிற பழக்கம் அதற்காகத்தான். பகலெல்லாம் திறந்து வைத்தால் அந்தச் சுவருக்கு வேலையே இல்லை.

ஈரப்பதத்தைச் சேர்த்துப் பார்க்காமல் வெப்பத்தை மட்டும் பார்ப்பதும் பாதிக் கணக்கு. 36 டிகிரி, 50 சதவீத ஈரம் என்றால் ஈரக்குமிழ் வெப்பம் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) ஏறத்தாழ 27.5. 38 டிகிரி, 55 சதவீதம் என்றால் 30. உடம்பு தாங்கும் எல்லை 35 என்று 2010இலிருந்து சொல்லப்பட்டது கணக்குப்போட்ட எண். அமெரிக்காவில் இளம் ஆரோக்கியமானவர்களை அறைக்குள் வைத்துப் பார்த்த சோதனைகளில், 2022இல் வெளியானபடி, ஈரமான காற்றில் 30, 31இலேயே உடல் சூடு ஏறத் தொடங்கிவிட்டது. வளவுக்குள் தனியாக இருக்கும் எண்பது வயது ஆச்சிக்கு எல்லை அதற்கும் கீழே. தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது இதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டிய செய்தி.

'வெயிலில் வந்தவர்க்கு ஐஸ் தண்ணீர் கொடுத்தால் ரத்தக்குழாய் வெடிக்கும்' என்ற செய்தி சித்திரை தோறும் வரும். வெப்பத்தாக்கில் மயங்கியவர்க்கு மருத்துவமே உடம்பைக் குளிர்ந்த தண்ணீரால் வேகமாகக் குளிர வைப்பதுதான். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதுவும் ஊற்றக் கூடாது, புரை ஏறும். 108ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வருகிறவரை நனைத்துக்கொண்டே விசிறுங்கள். நினைவோடு இருக்கிறவர்க்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு சமத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கண்ணளவில் அள்ளிப் போடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்கவும். மின்விசிறி அறை வெப்பம் 40க்குக் கீழே இருக்கிறவரை உதவும். அதற்கு மேல் போனால் சூடான காற்றை உடம்பின்மேல் அடிக்கிறது. அப்போது விசிறியை நிறுத்திவிட்டு, நனைத்த துண்டோடு ஆச்சியை வீட்டிலேயே சூடு குறைந்த கட்டுக்கு மாற்றுங்கள். எந்தக் கட்டு என்று முன்னமே கருவி வைத்துப் பார்த்துக் குறித்திருக்க வேண்டும்.